காண்டலும் கருதலும்

லண்டன் மாநகரை விட்டு மேற்கே தேம்ஸ் நதிக் கரையோடு சென்றால், பக்கிங்ஹாம்ஷயர் பிரதேசத்தில், நதியை நோக்கி நிற்கும் குன்றின் மேல் வெண்ணிற மாளிகை ஒன்று தென்படும். சோப்பு வியாபாரத்தில் பெரும்பொருள் திரட்டிய ஹட்சன் என்னும் செல்வர் 19-ஆம் நூற்றாண்டின் அந்தியில் கட்டத் தொடங்கிய அம்மாளிகைக்கு டேன்ஸ்ஃபீல்டு என்று பெயர். பக்கத்துச் சிற்றூருக்கு மெட்மெனம் என்று பெயர். 1941-ஆம் ஆண்டின் வசந்த காலத்திலிருந்து யுத்தம் முடியும் வரையில், அந்த மாளிகையின் விருந்துக் கூடங்களிலும் பள்ளியறைகளிலும், இடம் போதாமல் தோட்டத்தில் எழுப்பிய கொட்டகைகளிலும் இரவு பகலாக உட்கார்ந்து, ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து வாசித்துக்கொண்டிருந்த ஆடவர் பெண்டிரைப் பற்றி எழுத வேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. சேனாதிபதிகளின் சரித்திரங்கள் நூலகங்களை நிரப்பிக் கிடக்கின்றன. ஒரு துப்பாக்கியையும் தொடாமல், கண்ணையும் பொறுமையையும் மட்டுமே கருவியாகக் கொண்டு யுத்தத்தின் போக்கைத் திருப்பிய இவர்களைப் பற்றி நம்மவர் அறிந்தது மிகச் சொற்பம்.

படங்களை ‘வாசித்தார்கள்’ என்று நான் எழுதியது அலங்காரத்துக்காக அன்று. நம் தருக்க நூலார் ஒரு பொருளை அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். கண்ணால் நேரே காண்பது ஒன்று. மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவது மற்றொன்று. அறிந்தவர் சொல்லக் கேட்டுத் தெளிவது மூன்றாவது. புகைப்படத்தைக் காண்டல் அளவையின் உச்சம் என்றே உலகம் நினைக்கிறது. காமிரா பொய் சொல்லாது என்ற நம்பிக்கையும் அதைப் பற்றியதே. ஆனால் முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து எடுத்த படத்தை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்க்கிறவனுக்குச் சாம்பல் நிறத் திட்டுகளும் கீறல்களும் புள்ளிகளும் அன்றி வேறொன்றும் புலப்படாது. அந்தப் புள்ளி பீரங்கியா, வைக்கோற்போரா, கிணறா என்பதைக் காமிரா சொல்லுவதில்லை. கருதலும் உரையும் வந்து கைகோத்தால்தான் காண்டல் அறிவாகிறது. கைகோக்காத இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே, நினைக்க நெஞ்சு நடுங்கும் ஓர் உதாரணம் உண்டு.

உயரத்தில் ஏறிச் சத்துருவை வேவு பார்க்கும் வழக்கம் விமானத்துக்கு முந்தியது. 1794-ல் ஃப்ளூரஸ் யுத்தத்தில் பிரெஞ்சுக்காரர் பலூனில் ஆளை ஏற்றி எதிரியின் அணிவகுப்பை நோக்கச் செய்தனர். 1915 மார்ச்சு மாதம் நவ் ஷாப்பெல் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் தாக்குதல் தொடங்கியபோது, விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு ஜெர்மானியரின் பதுங்கு குழிகளைத் தேசப்படத்தில் வரைந்து அதிகாரிகளின் கையில் கொடுத்திருந்தனர். அந்த யுத்தத்தில் விமானத்தில் பறந்து நோட்டம் பார்த்தவர்களில் ஒருவர் கிராஃபோர்டு என்ற தொல்பொருள் ஆராய்ச்சியாளர். மண்ணுக்குள் புதைந்த பழைய அகழியின் மேல் விளையும் பயிர் செழித்தும், புதைந்த சுவரின் மேல் விளைவது வாடியும் நிற்பதனால், தரையில் நடப்பவனுக்குத் தெரியாத பண்டைய ஊரின் அமைப்பு வானத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கோலம் போட்டாற்போல் தெரியும் என்ற உண்மையை நிலைநாட்டிய பெரியோர்களுள் அவர் முதன்மையானவர். பழைய ஊரைத் தேடும் கண்ணும் புதிய பீரங்கியைத் தேடும் கண்ணும் ஒரே பயிற்சியில் தேர்ந்தவை என்பதால், இந்த உறவைப் பின்னும் பலமுறை சந்திப்போம்.

இரண்டாம் யுத்தம் மூளும் தறுவாயில் பிரிட்டனிடம் இந்த வித்தை ஏறக்குறைய மறந்துபோன நிலையில் இருந்தது. அதை மீட்டவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த சிட்னி காட்டன் என்பவர். 1939-ஆம் ஆண்டில், வியாபாரியின் வேஷத்தில், லாக்ஹீட் விமானம் ஒன்றின் அடிவயிற்றில் காமிராக்களை ஒளித்து வைத்துக்கொண்டு, ஜெர்மனியின் மேல் பகிரங்கமாகவே பறந்து படமெடுத்து வந்த துணிச்சல்காரர் அவர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லாங்பாட்டம் என்ற இளம் அதிகாரி விமானப்படைத் தலைமைக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். வேவு பார்க்கப் போகும் விமானத்துக்குப் பீரங்கி வேண்டாம், துணைக்குப் பல ஆட்கள் வேண்டாம்; மிகச் சிறியதும் மிக வேகமானதுமான ஒன்றை, பாரமனைத்தையும் கழற்றிவிட்டு, எரிபொருளை மட்டும் கூட்டி, எட்டாத உயரத்தில் தனியே அனுப்பினால் போதும்; போர் செய்யாமல் ஓடித் தப்புவதே அதன் கடமை என்பது அவர் வாதம். போர்வீரனிடமிருந்து வாளைப் பிடுங்கிவிட்டுச் சத்துருவின் அரண்மனைக்குள் போய்வா என்று சொல்வது போன்ற இந்த யோசனையைப் பலர் ஏற்கத் தயங்கினர். எனினும் காட்டன் விடாமல் வாதாடி இரண்டு ஸ்பிட்ஃபயர் விமானங்களைப் பெற்றார். அவற்றின் துப்பாக்கிகளை எடுத்தெறிந்து, துளைகளை அடைத்து, பொருத்துவாய்களைப் பூசி மழமழப்பாக்கி, ஆகாயத்தோடு கலந்துபோகும் வெளிர்பச்சை வர்ணம் தீட்டினர். 1939 நவம்பர் 18-ஆம் தேதி, வடபிரான்சிலுள்ள ஸெக்லான் தளத்திலிருந்து, யோசனை சொன்ன லாங்பாட்டமே முதல் முறையாக அவற்றில் ஒன்றை ஓட்டி ஜெர்மன் எல்லையை நோக்கிப் பறந்தார்.

இப்படிப் பறந்தவர்களின் தனிமையை எண்ணிப் பார்க்க வேண்டும். உறைபனியைப் போன்ற குளிரில், பிராணவாயுக் குழாயை முகத்தில் கட்டிக்கொண்டு, பேசுவதற்கு ஒருவரும் இல்லாமல், மணிக்கணக்காகச் சத்துருவின் நாட்டுக்கு மேலே போய்த் திரும்ப வேண்டும். வால் பக்கத்தில் வெண்புகைக் கோடு ஒன்று விழுந்துவிட்டால் கீழிருப்பவர்களுக்குத் தன் இருப்பிடத்தைத் தானே எழுதிக் காட்டியது போலாகும். குறிப்பிட்ட இலக்கின் மேல் நேராகவும் மட்டமாகவும் பறந்தாலன்றிப் படம் சரியாக விழாது. 1941 மே 21-ஆம் தேதி ஸக்ளிங் என்ற இளைஞர் ஸ்காட்லாந்தின் வடமுனையிலுள்ள விக் தளத்திலிருந்து கிளம்பி, நார்வேயில் பெர்கன் நகரை அடுத்த கடற்கழியில் பிஸ்மார்க் என்னும் பெரும் போர்க்கப்பல் நங்கூரமிட்டிருப்பதைப் படமெடுத்து வந்தார். அந்தப் படம் இல்லாதிருந்தால் பிரிட்டிஷ் கடற்படை அதைத் தேடத் தொடங்கிய நாளே தள்ளிப்போயிருக்கும். ஆறே நாட்களில் பிஸ்மார்க் அட்லாண்டிக் சமுத்திரத்தில் அமிழ்ந்தது. அதற்கு அடுத்த இரண்டு மாதங்களுக்குள் ஸக்ளிங்கும் பிரான்சின் மேல் பறக்கப் போனவர், திரும்பவில்லை.

படச்சுருள் தரையிறங்கிய பிறகு என்ன நடந்தது என்பதே எனக்கு மிக ருசிகரமான பகுதி. மெட்மெனத்தில் வேலையை மூன்று படிகளாகப் பகுத்திருந்தனர். விமானம் இறங்கிய சில மணி நேரத்துக்குள், கப்பல் நகர்ந்ததா, ரயில் வந்ததா, பாலம் உடைந்ததா என்று உடனே அறிய வேண்டியதைச் சொல்வது முதற்படி. ஒரு நாளுக்குள் அன்றைய படங்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்து அறிக்கை தருவது இரண்டாம் படி. காலக்கெடு இல்லாமல், ஒரே பொருளை வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் தொடர்ந்து ஆராய்வது மூன்றாம் படி. மூன்றாம் படிக்கெனத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன: விமானங்களுக்கு ஒன்று, தொழிற்சாலைகளுக்கு ஒன்று, கம்பியில்லாத் தந்திக் கோபுரங்களுக்கு ஒன்று, மாறுவேஷமிட்ட கட்டடங்களுக்கு ஒன்று, தாக்க வேண்டிய இடத்தை மலையும் மரமும் வீடுமாகச் சிறிய உருவில் மேசை மேல் செய்து கொடுக்கும் சிற்பிகளுக்கு ஒன்று.

இவர்களுடைய முக்கியக் கருவி என்னவென்றால், நான்கு கம்பிக்கால்களின் மேல் இரண்டு வில்லைகளைப் பொருத்திய ஸ்டீரியோஸ்கோப் எனும் எளிய சாமான். விமானம் பறந்து செல்லும்போது அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் முதலாவதில் விழுந்த நிலத்தில் பாதிக்கு மேல் இரண்டாவதிலும் விழும்படி காமிராவை முடுக்கியிருப்பார்கள். அவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு மற்றொன்றுமாக வில்லை வழியே நோக்கினால், சற்றுமுன் தட்டையாகக் கிடந்த காகிதத்திலிருந்து புகைபோக்கிகள் முளைத்தெழும், குன்றுகள் பொங்கும், மரங்கள் நிமிரும். அளவு காண்பதற்கும் எளிய கணக்கு இருந்தது. 36 அங்குலக் குவிதூரமுள்ள வில்லையோடு 30,000 அடி உயரத்தில் எடுத்த படத்தில் ஓர் அங்குலம் தரையில் 10,000 அங்குலத்துக்குச் சமம். ஆகவே பெரிய லாரி ஒன்று குண்டூசித் தலைக்கும் சிறிதாகவே படத்தில் விழும். நிழலை அளந்து, படமெடுத்த நாழிகையைக் கொண்டு சூரியனின் உயரத்தைக் கணித்து, பொருளின் உயரத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்னும் நுட்பமான அளவுகளுக்கு ஸ்விட்சர்லாந்து தேசத்து வில்ட் கம்பெனியின் பெரிய இயந்திரம் ஒன்று உதவியது. எவரெஸ்ட் சிகரத்தின் சுற்றுப்புறத்தை 1935-ல் அளந்து வந்த மைக்கேல் ஸ்பெண்டர் போன்ற நில அளவை நிபுணர்கள் இந்தப் பணிக்குத் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தனர்.

யார் யார் வந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவி பெற்ற முதற் பெண்மணியான டோரதி காரட் என்ற தொல்பொருள் அறிஞர் வந்தார். அதே துறையைச் சேர்ந்த கிளின் டேனியல் வந்தார். பூகோள ஆசிரியர்களும் ஓவியர்களும் வந்தார்கள். பிரதம மந்திரி சர்ச்சிலின் மகளும் நடிகையுமான ஸாரா வந்து மற்றவர்களோடு மற்றவராக இரவு முறை பார்த்தார். பெண்கள் பெருந்தொகையினராக இருந்தனர்; ஆண் அதிகாரிகளுக்குச் சரிசமமான பொறுப்போடு வேலை செய்தனர். யுத்தத்தின் கடைசி ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரி 25,000 நெகட்டிவ்களும் 60,000 பிரதிகளும் அங்கே வந்து குவிந்தன என்றால் அந்த உழைப்பின் அளவை ஒருவாறு ஊகிக்கலாம். தொல்பொருள் அறிஞர் ஸ்டூவர்ட் பிகட் இதே பணிக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். ஓய்வு நேரங்களில் நம் நாட்டுத் தொன்மையைப் பயின்று, 1950-ல் இந்தியாவின் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றி ஒரு சிறந்த நூல் எழுதினார். ஹரப்பா நாகரிகத்தைப் படித்த ஒரு தலைமுறை மாணவர்களுக்கு அந்நூல் வழிகாட்டியாக இருந்ததென்பதை இங்கே நன்றியோடு குறிக்கிறேன்.

பட வாசிப்பின் முதற் பாடம், நேற்றுப் பார்த்த இடத்தை இன்று மறுபடியும் பார்ப்பது. வீட்டுப் பெண்மணி தன் சமையற்கட்டில் ஒரு பாத்திரம் இடம் மாறியிருந்தாலும் நுழைந்தவுடன் அறிந்துகொள்வது போல, பழகிய இடத்தில் புதிதாக முளைத்த சுவர், திடீரென அகலப்பட்ட சாலை, காரணமில்லாமல் வளைந்த ரயில் தண்டவாளம் ஆகியவற்றை இவர்கள் கண்டுகொண்டார்கள். எவ்வளவுதான் கூரை போட்டு மறைத்தாலும் மனிதன் நடந்த தடத்தை மறைக்க முடிவதில்லை. 1941-ன் இறுதியில் பிரெஞ்சுக் கடற்கரையில் புரூனவால் என்ற ஊருக்கருகே, தனித்த மாளிகை ஒன்றிலிருந்து செங்குத்தான பாறையின் விளிம்பை நோக்கிப் புல்வெளியில் ஓர் ஒற்றையடிப் பாதை போவதும், அது ஒரு சிறு கரும்புள்ளியில் முடிவதும் படத்தில் தெரிந்தன. ஒன்றுமில்லாத இடத்துக்கு மனிதர் தினமும் ஏன் நடக்க வேண்டும்? டோனி ஹில் என்ற விமானி உயரத்தை விட்டுத் தாழ இறங்கி, பாறையை ஒட்டிப் பறந்து எடுத்து வந்த படம், அது ஜெர்மானியரின் புதிய ராடார் கருவி என்று காட்டிற்று. 1942 பிப்ரவரி இறுதியில் பாராசூட் வீரர்கள் இரவில் குதித்து அக்கருவியின் உறுப்புகளைக் கழற்றி எடுத்து வந்தனர். அவ்வாண்டு முடியுமுன் டோனி ஹில்லும் வேறொரு படப்பிடிப்பில் சுடப்பட்டு உயிர்நீத்தார்.

சத்துருவைப் பற்றி மட்டுமன்றித் தன்னைப் பற்றிய உண்மையையும் படம் சொல்லிற்று என்பது இந்தத் தொழிலின் பெருமைகளில் ஒன்று. குண்டு வீசப் போன விமானிகள் இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று திரும்பி வந்து மெய்யாகவே நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தனர். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. 1941 கோடையில் பட் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர், குண்டு விழும் கணத்தில் விமானங்களே எடுத்த 600-க்கும் மேற்பட்ட இரவுப் படங்களை உட்கார்ந்து பரிசீலித்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு ஐந்து மைல் தூரத்துக்குள்ளாவது சென்றிருந்தது. ரூர் தொழிற்பிரதேசத்தின் மேலோ பத்தில் ஒன்றுதான். இந்த முடிவு பெரும் மனக்கசப்பை விளைவித்தது. எனினும் யுத்தத்தின் நடுவில், தனக்கு இனிமையான பொய்யைத் தானே உடைத்துப் பார்க்கும் திராணி ஓர் அரசாங்கத்துக்கு இருந்தது என்பதை நான் அதன் வெற்றிகளுள் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

இனி பீனமுண்டே. பால்டிக் கடலோரத்தில் யூஸடோம் என்னும் தீவின் வடகோடியிலுள்ள அந்த இடத்தை, 1942 மே 15-ஆம் தேதி, வேறு துறைமுகத்தைப் படமெடுக்கப் போய்க்கொண்டிருந்த ஸ்டீவன்டன் என்ற விமானி தற்செயலாகக் கீழே பார்த்து, புதிய விமானத்தளம் ஒன்று உருவாவதைக் கண்டு காமிராவை முடுக்கினார். படத்தில் காட்டின் நடுவே பெரிய வட்டமான மண்கரைகள் இருந்தன. பலர் பார்த்தார்கள், விமானப் பகுதியின் தலைவியான கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித்தும் பார்த்தார். ஒருவருக்கும் பொருள் விளங்கவில்லை. படம் அலமாரிக்குப் போயிற்று. காண்டல் அங்கே பூரணமாக இருந்தது. உரை இன்னும் வந்து சேரவில்லை. பத்து மாதங்கள் கழித்து, சிறைப்பட்ட இரண்டு ஜெர்மன் தளபதிகள், சுவருக்குள் ஒலிவாங்கி ஒளிந்திருப்பதை அறியாமல், ராக்கெட் ஆயுதங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டதை ஆங்கிலேயர் கேட்டனர். போலந்திலிருந்தும் லக்ஸம்பர்கிலிருந்தும் கட்டாய வேலைக்கு அத்தீவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் செய்திகளும் கசிந்து வந்தன. உடனே பழைய படங்கள் அலமாரியிலிருந்து வெளிவந்தன; புதியவற்றுக்கு விமானங்கள் பறந்தன. 1943 ஜூன் மாதப் படங்களில், வண்டியின் மேல் படுத்துக் கிடந்த வெண்ணிற உருளை ராக்கெட்டே என்று உறுதியாயிற்று.

மற்றோர் ஆயுதத்தின் கதை இன்னும் நுட்பமானது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், மிஷெல் ஒலார் என்ற பிரெஞ்சு தேசபக்தர் தம் ஆட்களைக் கொண்டு திரட்டி அனுப்பிய செய்தியை வைத்துத் தேடியபோது, வடபிரான்சின் காடுகளில், பனிச்சறுக்குக் கட்டையைப் பக்கவாட்டில் கிடத்தியது போன்ற நீண்ட கட்டடங்கள் பல தென்பட்டன. அவ்வொவ்வொன்றின் அருகிலும் லண்டனை நோக்கிய சாய்தளம் ஒன்றுக்கு அஸ்திவாரம் இருந்தது. அத்தகைய இடங்கள் 96 வரை எண்ணப்பட்டன. ஆனால் அந்தத் தளத்திலிருந்து கிளம்பப் போவது எது? மிகச் சிறிய, ஆளில்லா விமானம் ஒன்றைத் தேடும்படி பாபிங்டன் ஸ்மித்துக்குச் சொல்லியிருந்தார்கள். விமானப் பத்திரிகையில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். விமானத்தின் உருவங்கள் அவருக்குக் கைரேகை போல் பாடம். நவம்பர் 28-ஆம் தேதி, மெரிஃபீல்டு என்ற விமானி மஸ்கீட்டோ விமானத்தில் பெர்லினுக்குப் போய், மேகம் மூடியிருந்ததால் திரும்பும் வழியில் பீனமுண்டேயைப் படமெடுத்து வந்தார். அப்படங்களை வைத்துக்கொண்டு, விமானத்தளத்தின் சாலையோடு தம் கண்ணை மெல்ல நடத்திக்கொண்டே, கடலோரத்து எல்லை வரை போனார் அந்த அம்மையார். அங்கிருந்த சாய்வான அமைப்புகளைத் தொழிற்சாலைப் பகுதியினர் முன்பே கண்டு, கடலைத் தூர்த்து நிலம் மீட்கும் வேலைக்கான சாமான்கள் என்று முடிவு கட்டியிருந்தனர். அந்த முடிவை அவர் ஏற்கவில்லை. கண்ணாடியின் கீழ் மறுபடி நோக்கினார். சாய்தளத்தின் மேல், சிலுவை போல் ஒரு சிறு புள்ளி. சுமார் 20 அடி இறக்கையுள்ள பறக்கும் குண்டு, படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விழுந்திருந்தது! அன்று டிசம்பர் 1-ஆம் தேதி. பிரான்சின் காட்டுக் கட்டடங்களும் பால்டிக் கரைச் சாய்தளமும் ஒரே கதையின் இரு பாதிகள் என்பது அந்தப் புள்ளியால் தெளிந்தது. அக்கட்டடங்களின் மேல் குண்டுமாரி பொழிந்தது. சத்துருவும் சளைக்காமல் எளிதில் மறையும் வேறு தளங்களை அமைத்து, 1944 ஜூன் 13-ஆம் தேதி லண்டனின் மேல் முதற் குண்டை ஏவினான். எனினும் அவன் விரும்பிய காலத்தில், விரும்பிய தொகையில் ஏவ முடியவில்லை.

இந்த வெற்றியை எழுதிவிட்டு, இதன் மறுபக்கத்தை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. ராக்கெட் ஆராய்ச்சியை அழிக்கும் பொருட்டு 1943 ஆகஸ்டு 17-ஆம் தேதி இரவு, நிலவொளியில், 596 விமானங்கள் பீனமுண்டேயின் மேல் சென்றன, 40 திரும்பவில்லை. இலக்கைக் காட்டும் வர்ண விளக்குகளில் சில தவறுதலாகத் தெற்கே டிராஸன்ஹைடே என்னுமிடத்தில் விழுந்தன. அங்கே இருந்தது கட்டாயத் தொழிலாளர்களின் முகாம். அடைபட்ட கொட்டகைகளிலிருந்து வெளியேற வழியின்றி அவர்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். தீவின் இரகசியத்தை உயிரைப் பணயம் வைத்து வெளியே அனுப்பியவர்களில் சிலர் அந்தக் கொட்டகைகளில் வசித்தவர்களே.

யுத்தம் முடிந்தபின் இந்த வித்தை அமெரிக்காவில் அசுர வளர்ச்சி பெற்றது. விமானம் போக முடியாத உயரத்துக்கு விண்கோள் போயிற்று. 1960 ஆகஸ்டில், அடுத்தடுத்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட முயற்சிகளுக்குப் பிறகு, கரோனா எனும் இரகசியத் திட்டத்தின் விண்கோள் ஒன்று, தான் எடுத்த படச்சுருளைச் சிமிழில் வைத்துக் கீழே தள்ள, பாராசூட்டில் தொங்கி இறங்கிய அச்சிமிழை ஹவாய்த் தீவுகளுக்கருகே ஒரு விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடித்தது. அதற்கு முன் யூ-2 என்னும் வேவு விமானங்கள் அனைத்தும் நான்காண்டுகளில் கொண்டுவந்ததைவிட அதிகமான சோவியத் நிலப்பரப்பு அந்த ஒரே சுருளில் பதிந்திருந்தது. 1972 வரை அத்திட்டம் நடந்தது. அதன் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் 1995-ல் பொதுவுடைமையாக்கப்பட்டபோது ஓடிவந்து வாங்கியவர்களில் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் முன்வரிசையில் நின்றனர். அணைக்கட்டுகளும் டிராக்டர்களும் வருமுன் சிரியாவும் ஈராக்கும் எப்படியிருந்தன என்பதற்கு வேறு சான்று ஏது? மண்மேடுகளாய் மறைந்த நகரங்களும், ஆட்டுமந்தைகள் ஓட்டிச் சென்ற ஐயாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பாதைகளும் அப்படங்களில் கிடைத்தன. கிராஃபோர்டு யுத்தத்துக்குக் கொடுத்த கடனை யுத்தம் வட்டியோடு திருப்பியது போல எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் கருவி எவ்வளவு உயர்ந்தும் வாசிப்பின் இலக்கணம் மாறவில்லை. 1962 அக்டோபர் 14-ஆம் தேதி கியூபாவின் மேல் பறந்த யூ-2 விமானம் 928 படங்களைக் கொண்டுவந்தது. வாஷிங்டனில் மோட்டார் வண்டி விற்கும் கடையொன்றின் மேல்மாடிகளில் அமைந்திருந்த பட வாசிப்பு நிலையத்தில், லண்டால் என்பவரின் தலைமையில், மறுநாளே அவற்றை மேசையில் விரித்தார்கள். கித்தான் போர்த்திய நீண்ட உருவங்கள் தெரிந்தன. அவற்றின் நீளத்தை அளந்தார்கள். மாஸ்கோ அணிவகுப்புகளில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டார்கள். பென்கோவ்ஸ்கி என்ற சோவியத் இராணுவ அதிகாரி இரகசியமாகக் கொடுத்திருந்த ஏவுகணைக் கையேடுகளைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். நீண்ட லாரிகளைக் கண்டோம் என்று தீவிலிருந்து ஓடிவந்த அகதிகள் சொன்னதையும் நினைவுகூர்ந்தார்கள். காண்டல், கருதல், உரை மூன்றும் ஒரே மேசையின் மேல் கூடின. அவ்வுருவங்கள் சோவியத் ஏவுகணைகளே என்று துணிந்தபின், 16-ஆம் தேதி காலை ஜனாதிபதி கென்னடியின் முன் படங்கள் வைக்கப்பட்டன.

அந்த நிலையத்தில் அப்போது பணியாற்றியவர்களில் டினோ புருஜியோனி என்பவர் ஒருவர். 1978-ல், யூதர்களின் படுகொலையைச் சித்திரிக்கும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்தபின், யுத்த காலத்து வான்படங்களில் ஆஷ்விட்ஸ் முகாம் பதிந்திருக்குமோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ராபர்ட் பாரியர் என்பவரோடு சேர்ந்து பழைய சுருள்களைத் தேடினார். பதிந்திருந்தது. 1944 ஏப்ரல் 4-ஆம் தேதி, தென்னாப்பிரிக்க விமானப்படையின் மஸ்கீட்டோ ஒன்று இத்தாலியிலிருந்து சென்று, முகாமுக்குச் சில மைல் தூரத்திலிருந்த மோனோவிட்ஸ் செயற்கை ரப்பர்த் தொழிற்சாலையைப் படமெடுத்தது. காமிராவை முன்கூட்டி முடுக்கித் தாமதமாக நிறுத்துவது வழக்கமாதலால், இலக்குக்கு அப்பாலுள்ள நிலமும் சுருளில் விழுந்தது. அந்தச் சுருளை அக்காலத்தில் வாசித்தவர்கள் தொழிற்சாலையின் கொதிகலன்களையும் குழாய்களையும் மிகச் சிரத்தையாக எண்ணி எழுதினார்கள். சுருளின் மறுகோடியிலிருந்த கொட்டகை வரிசைகளை அவர்கள் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதிப் படத்தில், ஆஷ்விட்ஸைச் சேர்ந்த பிர்க்கனாவ் முகாமின் தண்டவாளத்தில் நிற்கும் ரயிலும், அதிலிருந்து இறங்கிய மனிதர்கள் வரிசையாக விஷவாயுக் கூடத்தின் வாசலை நோக்கி நடப்பதும் பதிந்திருக்கின்றன. மனிதர்கள் கடுகு மணியிலும் சிறிய புள்ளிகளாகத் தெரிகிறார்கள். அந்தப் புள்ளிகளை 34 ஆண்டுகள் வரை ஒருவரும் வாசிக்கவில்லை.

உரை இல்லாமற் போயிற்றா? ஏப்ரல் 4-ஆம் தேதிப் படம் எடுத்த அதே வாரத்தில், விர்பா, வெட்ஸ்லர் என்ற இரண்டு யூத இளைஞர்கள் அம்முகாமிலிருந்து தப்பி ஸ்லோவாக்கியாவுக்கு நடந்து சென்று, கூடங்கள் எங்கே உள்ளன, எத்தனை, எப்படி நடக்கிறது என்பதை வரைபடத்தோடு சொல்லி எழுதுவித்தார்கள். அவ்வறிக்கை ஜூன் மாதத்தில் ஸ்விட்சர்லாந்து வழியாக வெளியுலகை எட்டியது. ஆகஸ்டு மாதத்தில் கண்ட படமும் கேட்ட உரையும் நேசநாடுகளின் கையில் ஒருங்கே இருந்தன. ஆனால் வேறு வேறு அறைகளில், வேறு வேறு உத்தியோகஸ்தர்களிடம் இருந்தன. பீனமுண்டேயின் அலமாரியைத் திறக்கச் சொல்ல ஒருவர் இருந்தார். ஆஷ்விட்ஸின் சுருளை அந்தக் கண்ணோடு பாருங்கள் என்று வாசகர்களிடம் சொல்ல ஒருவரும் இல்லை. மெட்மெனத்து மேசைகளில் உட்கார்ந்தவர்கள்மேல் நான் பழி சுமத்தவில்லை. கேட்ட கேள்விக்கு அவர்கள் குறைவற விடை சொன்னார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பதே என் ஆற்றாமை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த சிலுவையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கண்களுக்கு, பிர்க்கனாவின் வாசலில் நின்ற அந்த வரிசை தெரியாமற்போயிருக்க நியாயமில்லை.

மெட்மெனம் சேகரித்த படங்களில் பெரும்பகுதி இப்போது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பாதுகாக்கப்படுகிறது. அவற்றை இன்றும் வாசிக்கிறார்கள். குண்டு வீச்சுக்குப் பின் சேதத்தை மதிப்பிட எடுத்த படங்கள், வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டுகளைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் பயன்படுகின்றன. பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்பூர்க் என்ற ஊர் உண்டு. அங்கே யுரேனியம் சுத்திகரித்த ஆலை சோவியத் சேனையின் கைக்குப் போய்விடக்கூடாதென்று, 1945 மார்ச்சு 15-ஆம் தேதி, 600-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. அக்குண்டுகளில் மிகுதியானவை தாமதித்து வெடிக்கும் இரசாயனத் திரி பொருத்தியவை. இளகிய மண்ணுக்குள் புகுந்து, தடம் மாறி, மூக்கு மேல்நோக்கி நின்றுவிட்டதால் வெடிக்காமலே தங்கிவிட்டவை பல. திரியிலுள்ள ஸெல்லுலாய்டு தகடு ஆண்டுக்காண்டு நைந்துகொண்டு வருகிறது. ஆகவே அவ்வூரின் நிபுணர்கள் பழைய படங்களை இரண்டிரண்டாக ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்து நோக்குகிறார்கள். வெடித்த குண்டு அகன்ற பள்ளத்தையும் சுற்றிலும் சிதறிய மண்ணையும் விட்டுச் செல்லும். வெடிக்காதது சிறிய கரும்புள்ளி ஒன்றை மட்டும் விட்டுச் செல்லும். அந்தப் புள்ளியைக் கண்ட இடத்தில் வட்டம் போட்டு, இன்றைய தேசப்படத்தின் மேல் பொருத்தி, அது ஒரு வீட்டின் தோட்டமானால் வீட்டாரை வெளியேற்றிவிட்டு, மண்ணைத் துளையிட்டுப் பார்க்கிறார்கள்.